கணப்புக்கு மேலே அப்பா

அப்பா இறந்த அன்று காலை பதினோரு மணிக்கு டிவி மாட்டுகிற ஆள் வந்தார். மூன்று நாளைக்கு முன்பே சொல்லி வைத்திருந்த வேலை. விடியற்காலையில் ஊரிலிருந்து செய்தி வந்ததுமே அதை வேண்டாமென்று சொல்லிவிடத் தியாகுவுக்கு ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. எழுபத்தைந்து அங்குலப் பெட்டி இரண்டு வாரமாக மாடிப்படியோரம் சாய்ந்து கிடந்தது, மத்தியானம் அப்பாவை எடுப்பதை நேரலையில் பார்க்க வேண்டியிருந்தது, அதை மூன்று பேர் ஒரு கைபேசியைச் சுற்றி முட்டிக்கொண்டு பார்க்க முடியாது. இப்படியெல்லாம் அவன் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டான்.

வந்தவர் ஹசன் அலி, பெஷாவர் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். சுவரில் பென்சிலால் நான்கு புள்ளி குறித்துக்கொண்டு, துளைக்கும் இயந்திரத்தைக் கையில் எடுத்தவர், அதைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைச் சுவரில் பதித்தார். எடுத்தார். மறுபடி பதித்தார். இந்தச் சுவர் சூடாக இருக்கிறதே சாப், என்று இந்தியில் சொன்னார்.

தியாகுவும் தொட்டுப் பார்த்தான். சூடுதான், காய்ச்சல்காரன் நெற்றி அளவுக்கு. ஆகஸ்ட் மாதத்து வெயில் வெளியே காரின் கைப்பிடியைத் தொட முடியாதபடி அடித்துக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் வெளி கிடையாது. மாடிப்படியும் அதற்கப்பால் ஏசி ஓடுகிற இன்னொரு அறையும்தான். உள்ளே ஏதாவது வெந்நீர்க் குழாய் போகும், நீங்கள் மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டான்.

துபாய் கராமாவில் பதினோரு வருடம் ஒரே ஒரு படுக்கையறையில் காலம் தள்ளிய பிறகு, மூன்று மாதத்துக்கு முன்புதான் மிர்திஃபில் இந்த வில்லாவுக்கு வந்திருந்தார்கள். முன்பு குடியிருந்த வெள்ளைக்காரக் குடும்பம் வரவேற்பறைச் சுவரில் ஒரு கணப்பைக் கட்டிவிட்டுப் போயிருந்தது. ஐம்பது டிகிரி அடிக்கிற ஊரில் குளிர்காய ஓர் அடுப்பு. புகைபோக்கி கிடையாது, விறகு கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் பிளாஸ்டிக்கில் செய்த நாலு கட்டைகள், அடியில் சிவப்பு விளக்கு, ரிமோட்டை அழுத்தினால் எரிவதுபோல் ஒரு நடிப்பு. வீட்டைப் பார்க்க வந்த அன்றே தியாகு அதற்கு மயங்கிவிட்டான். மேலே பெரிய திரை, கீழே நெருப்பு, எதிரே எல்லாரும் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிற சோபா. தான் பிழைத்துவிட்டதற்கு அத்தாட்சி அந்தச் சுவர்தான் என்று அவனுக்குத் தோன்றியிருந்தது.

நெருப்புக்கு மேலே யாரும் டிவி வைக்க மாட்டார்கள் என்றார் ஹசன் அலி. கழுத்து வலிக்கும், சூட்டில் திரை கெடும். இது பொய் நெருப்பு பாய், என்றான் தியாகு. அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு துளை போட்டார். வழக்கமாக வெள்ளைத் தூள் கொட்டும். அன்று சாம்பல் நிறத்தில் கொட்டியது. அதையும் அவர் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் துடைத்தார். மின்சாரத்துக்கு அங்கே இருந்தது ஒரே ஒரு இணைப்பு, அதில் கணப்பின் ப்ளக் மாட்டியிருந்தது. எதை எடுக்க என்று கேட்டார். கணப்பை எடுங்கள், இந்தக் கோடையில் அது யாருக்கு வேண்டும் என்றான் தியாகு.

பிரபாவதி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்ததைப் பார்த்து ஹசன் அலி என்ன என்று கேட்க, தியாகு சொல்லும்படி ஆயிற்று. அவர் ஏணியிலிருந்து இறங்கி, தொப்பியைச் சரிசெய்து, உதட்டுக்குள் ஏதோ ஓதினார். தேநீரைத் தொடவில்லை. எப்போது விமானம் என்று கேட்டார். பாஸ்போர்ட் ஆபீஸில் இருக்கிறது, விசா வேலைக்குக் கொடுத்தது, செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும் என்றான் தியாகு. காலையில் ஊருக்குச் சொன்ன அதே வார்த்தைகள், இரண்டாம் முறை இன்னும் சரளமாக வந்தன.

ஹசன் அலி அவன் தோளில் கை வைத்தார். தன் அப்பா இறந்தபோது தன்னுடைய பாஸ்போர்ட் கஃபீலின், அதாவது விசா கொடுத்த முதலாளியின், இரும்புப் பெட்டியில் இருந்ததாகவும், நான்கு நாள் அந்த ஆளின் வாசலில் நின்றதாகவும், கையில் கிடைப்பதற்குள் அங்கே அடக்கம் செய்துவிட்டார்கள் என்றும், ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே சொன்னார். நமக்கெல்லாம் வேறு என்ன வழி, என்று பெருமூச்சு விட்டார். சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. பாஸ்போர்ட் மாடியில் அலமாரி இழுப்பறையில், பிரபாவதியின் நகைப்பெட்டிக்கு அடியில் இருந்தது. வைத்தவளே அவள்தான்.

உண்மை ஒன்றும் பெரிய மர்மம் அல்ல. மறுநாள் திங்கட்கிழமை ஜெர்மனியிலிருந்து கம்பெனியின் பெரிய அதிகாரி வருகிறார். வளைகுடா முழுவதற்குமான பொறுப்பு தியாகுவுக்கா, கூட வேலை செய்யும் லெபனான்காரனுக்கா என்பது நாளை மூன்று மணிக்கு முடிவாகிவிடும். மத்தியானம் ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு விமானம் இருந்தது. இடமும் இருந்தது. ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறோம், நீங்கள் வரும்வரை நாளைக்குக்கூட வைக்கலாம் அண்ணே என்று சித்தப்பா மகன் அன்பரசன் கெஞ்சினான். தியாகு, வேண்டாம், வயதான உடம்பு, காக்க வைக்காதீர்கள், நீயே கொள்ளி வைத்துவிடு என்று சொன்னான். சொல்லும்போது வந்தது அழுகையா, விஷயம் முடிந்ததே என்ற நிம்மதியா என்று அவனுக்கே விளங்கவில்லை. ஆனாலும் அப்பா நல்லபடியாகப் போய்ச்சேர வேண்டும் என்ற எண்ணம் பொய் இல்லை. அது ஒன்றுதான் அன்று காலையிலிருந்து அவனிடம் பொய் கலக்காமல் இருந்தது.

ஒன்றரை மணிக்கு டிவியைப் போட்டார்கள். வெளியே மணற்புழுதி கிளம்பி வானம் பழுப்பாகியிருந்தது. அந்த வெளிச்சம் திரையில் விழாமலிருக்கத் தடித்த திரைச்சீலைகளை இழுத்துவிட்டதில் பட்டப்பகலில் அறை கருக்கலாகிவிட்டது. தியாகு நடுவில், பிரபாவதி ஒரு பக்கம், ஒன்பது வயது ரக்ஷிதா இன்னொரு பக்கம். லால்குடியில் கல்யாண வீடியோ எடுக்கிற விமல்தான் நேரலைக்கு ஏற்பாடு. பூ வளையத்துக்குள் ராமையா என்று பெயர் போட்டு, அது மறைந்ததும், அப்பா வந்தார்.

அவ்வளவு பெரிதாக அப்பாவை அவன் பார்த்ததே இல்லை. கணப்பின் மேல்மாடத்துக்கு மேலே, சுவரை அடைத்துக்கொண்டு அந்த முகம் கிடந்தது. நெற்றியில் ஒட்டிய காசு, மூக்கில் பஞ்சு, தாடையைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி, சவரம் செய்யாமல் விட்ட வெள்ளை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. படம் கூர்மையாக இருக்கவேண்டுமென்று பார்த்துப் பார்த்து வாங்கிய டிவி. ஹசன் அலி சொன்னது சரிதான், பத்து நிமிடத்தில் கழுத்து வலித்தது. யாருக்கோ முன்னால் கீழே உட்கார்ந்து திட்டு வாங்குவதுபோல் மூவரும் அண்ணாந்திருந்தார்கள்.

"டாடி, தாத்தாவோட ஒரு ஐ ஓப்பனா இருக்கு," என்றாள் ரக்ஷிதா.

இடது இமை முழுதாக மூடவில்லை. இடையில் ஒரு வெள்ளைக் கீற்று. அப்படித்தான் இருக்கும் என்று பிரபாவதி சொன்னாள்.

எடுத்தார்கள். தாரை தப்பட்டை, பூ, தெருமுனை, மேட்டுச்சாலை, பிறகு கொள்ளிடக்கரை. வரட்டியும் கட்டையும் அடுக்கி, அப்பாவைக் கிடத்தி, வைக்கோல் போட்டு, களிமண் பூசி மூட்டம் போட்டார்கள். முகத்தின் பக்கம் மட்டும் கடைசிவரை திறந்திருந்தது. அன்பரசன் மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகத் தோளில் குடத்தோடு சுற்றி வந்தான். தன் இடத்தில் இன்னொருவன் சுற்றுவதை தியாகு வெறித்துப் பார்த்தான். கூட்டத்தில் ஒரு பெரியவர், பெற்ற பிள்ளை என்ன ஆனான் என்று கேட்பது ஒலிபெருக்கியில் தெளிவாக விழுந்தது. யாரோ, பாஸ்போர்ட் சிக்கலாம், என்றார்கள். பெரியவர் சிரித்த மாதிரி இருந்தது.

அப்போது தியாகுவின் கைபேசி அடித்தது. திரையில் அன்பரசன் காதில் கைபேசியோடு நிற்பது தெரிந்தது.

"அண்ணே, பெரியவங்க ஒரு யோசன சொல்றாங்க. நான் வைக்கிற அதே நேரத்துல நீங்க அங்க உங்க கையால ஒரு வெளக்காவது ஏத்திருங்க. நீங்களே வெச்ச மாதிரி ஆயிரும். பெரியப்பாவுக்கும் மனசு ஆறும்."

பிரபாவதி விளக்கு எடுக்கச் சமையலறைக்கு ஓடினாள். சாமி விளக்கில் எண்ணெய் இல்லை, தீப்பெட்டி எங்கே என்று தெரியவில்லை. இழுப்பறைகளைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரையில் அன்பரசன் கொள்ளியை வாங்கிவிட்டான். பிணத்துக்கு முதுகு காட்டி நின்று, கையைப் பின்னால் கொண்டுபோனான். தியாகுவுக்குப் பதற்றமாகிவிட்டது. இதையாவது செய்யாமல் போனால் பிறகு என்ன மகன். சோபாவின் கைப்பிடியில் கணப்பின் ரிமோட் கிடந்தது. எடுத்தான். கையை நீட்டி, நேருக்கு நேர், அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே அழுத்தினான்.

கட்டைகளுக்கு அடியில் சிவப்பு பரவியது. ரக்ஷிதா கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டாள். அங்கே அன்பரசனின் கொள்ளி பட்டு மூட்டத்திலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. தியாகு அப்பா என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னான், அழுதான். மனம் லேசானது போல் இருந்தது.

"திரும்பிப் பாக்காமப் போங்க, யாரும் திரும்பிப் பாக்காதீங்க," என்று கரையில் யாரோ சொல்லிக்கொண்டே வந்தார்கள். அன்பரசன் போனான். ஆண்கள் எல்லாரும் போனார்கள். ஈரத்தில் காலடிகள் மட்டும் கிடந்தன.

எரியாத விளக்கோடு வந்த பிரபாவதி திரையைப் பார்த்தாள், கணப்பைப் பார்த்தாள், புருஷன் கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தாள். "அமத்துங்க. வெச்சவங்க பாக்கக் கூடாது," என்றாள். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தலைக்கு ஊற்ற மாடிக்குப் போனாள். வந்துவிடுகிறேன் என்று தியாகு சொன்னான். சொன்னானே தவிர எழுந்திருக்கவில்லை.

ஏன் பார்த்துக்கொண்டே இருந்தான் என்று கேட்டால், காலையிலிருந்து இப்போதுதான் தனியாக அப்பாவோடு இருக்கிறான் என்பது ஒரு காரணம். நேரலை நிற்கவில்லை என்பது இன்னொன்று. விமல் அணைக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது. மூலையில், பார்ப்பவர்கள் நாற்பத்தொன்று என்று இருந்த எண் குறைந்து குறைந்து ஒன்றில் நின்றது. காற்று ஒலிவாங்கியில் உரசியது. ஆற்றங்கரையில் ஒரு மயில் அகவியது. மூட்டம் சின்னதாகப் புகைந்தது, ஆனால் பற்றவில்லை. வைக்கோலின் விளிம்பில் ஒரு செம்புள்ளி வந்து, நகர்ந்து, அணைந்தது. இன்னொன்று வந்தது. அதுவும் அணைந்தது.

வியர்த்தது. ஏசி இருபதில் ஓடிக்கொண்டிருந்தது. குளிர்காற்று பிடரியில் பட்டது. முகத்தில் மட்டும் அனல். கணப்பை அணைக்க ரிமோட்டை அழுத்தினான். அணையவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டி அழுத்தினான். சிவப்பு இன்னும் கொஞ்சம் கூடியது. மெல்ல ஒரு வாசனை வந்தது. முதலில் சமையலறையில் நெய் காய்கிறது என்று நினைத்தான், அங்கே யாரும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. நெய், அதற்கடியில் வரட்டி, அதற்கும் அடியில் மயிர் பொசுங்குகிற நாற்றம்.

எழுந்துபோய் ப்ளக்கைப் பிடுங்க மாடத்தின் ஓரத்தில் கையை விட்டான். பிடுங்கினான்.

டிவியின் ப்ளக் அது. கையில் தொங்கியது.

கணப்பின் ப்ளக் காலையிலிருந்தே வெளியில் கிடந்தது. ஹசன் அலி வயரைச் சுருட்டி, பிளாஸ்டிக் பட்டையால் கட்டி, ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைத் தியாகு கையில் எடுத்துப் பார்த்தான். மூன்று பித்தளைக் கால்களும் சில்லென்று இருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே திரையும் எரிந்துகொண்டிருந்தது, கொள்ளிடக்கரை, மூட்டம், புகை.

அன்பரசனைக் கூப்பிட்டான். அவன் வேனில் இருந்தான், எல்லாரும் குளித்தாயிற்று, வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றான்.

"விமல் கேமராவ அங்கயே விட்டுட்டு வந்துட்டானாடா? லைவ் ஓடிக்கிட்டே இருக்கு."

"இல்லியேண்ணே. விமல் எம் பக்கத்துலதான் உக்காந்திருக்கான். கேமரா அவன் மடியில இருக்கு." குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான், "நீங்க ஒழுங்கா ஏதாச்சும் சாப்ட்டுட்டுப் படுங்கண்ணே."

திரையில் படம் அசைந்தது. யாரோ தோளில் சுமந்து நடப்பதுபோல் மெல்ல ஆடி, மூட்டத்துக்கு இன்னும் கிட்டே போய் நின்றது. தலைமாட்டுக் களிமண்ணில் ஒரு விரிசல் தெரிந்தது. மயிரிழை அளவு. உள்ளே சிவப்பு.

தியாகு மாடியைப் பார்த்தான். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம். வாளி. ரக்ஷிதா ஏதோ கேட்க, பிரபாவதி பதில் சொல்கிற முனகல். நான்கு அடி நடந்தால் படி. ஏறிப் போய்விடலாம். கால் வரவில்லை. அப்பாவைப் பாதியில் விட்டுவிட்டுப் போவதா என்று ஒரு நினைப்பு பிடித்து இழுத்தது. காலையில் வராத அந்த நினைப்பு இப்போது வந்து தொலைத்தது.

சுடுகாட்டில் காவல் நிற்கிறவர் நம்பரை அன்பரசன் காலையிலேயே அனுப்பியிருந்தான். அழைத்தான். ஐந்தாறு முறை மணி அடித்த பிறகு எடுத்தார்கள். வயதான குரல்.

"ராமையா மவனா? துபாயிலேர்ந்தா? சொல்லுங்க தம்பி. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்."

நல்லபடியாக எரிகிறதா என்று தியாகு கேட்டான்.

"கட்டை எரியுது. வரட்டி எரியுது." அவர் மூச்சு இரைக்கிற சத்தம் கேட்டது. "நாப்பது வருசமா இந்த வேலதான் தம்பி. வேகுதான்னு பாக்கக் கம்பிய உள்ள விட்டேன். ஒண்ணும் தட்டல. கால்மாட்டுல விட்டேன். தலமாட்டுல விட்டேன். மூட்டத்துக்குள்ள ஆளு இல்ல."

தியாகு திரையைப் பார்த்தான். விரிசல் அகன்றிருந்தது. களிமண் ஓர் ஓடு பெயர்ந்து விழுந்தது. விழுந்த சத்தம் திரையிலிருந்து வரவில்லை. கீழே, கணப்புக்குள்ளிருந்து வந்தது.

"அங்க யாராச்சும் நெருப்பு வெச்சீங்களா தம்பி?"

"நான் வெச்சேன். இங்க, வீட்ல."

"முதுகு காட்டியா?"

தியாகு சோபாவில் கிடந்த ரிமோட்டைப் பார்த்தான்.

"வெச்சுட்டுப் பாத்துக்கிட்டே நின்னீங்களோ?"

"ஆமா."

அவர் குரலில் பயம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"அப்ப அங்கதான் இருக்காரு. கேட்டுக்குங்க. பாதி வேகுறப்ப எந்திரிச்சு உக்காருவாரு. நரம்பு இழுக்கும். அடிச்சுப் படுக்க வைக்கணும். நெஞ்சுல ஒண்ணு, முட்டியில ஒண்ணு. பெத்த புள்ள அதப் பாக்க வேணான்னுதான் திரும்பிப் பாக்காமப் போவச் சொல்றது. அதுக்குத்தான் எங்கள வெச்சிருக்கு. ஆனா நான் இங்கல்ல இருக்கேன்."

"அடிக்கலன்னா?"

"எந்திரிச்சவரு எந்திரிச்சபடியே இருந்துருவாரு தம்பி. விடியிற வரைக்கும் நீங்கதான் நிக்கணும்."

அழைப்பை அவர் துண்டிக்கவில்லை. காத்திருந்தார்.

கண்ணாடி வெடித்தது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. சட்டென்று ஒரு கோடு, அப்புறம் தரையெல்லாம் சில்லு. அனல் முகத்தில் அறைந்தது. புகை கூரையில் தவழ்ந்தது. தோசை கருகினாலே கத்துகிற புகைமணி பச்சையாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. கத்தவில்லை.

பிளாஸ்டிக் கட்டைகள் இல்லை. அங்கே இரண்டு பாதங்கள் இருந்தன.

உள்ளங்கால் தெரிய. கட்டைவிரல்கள் துணியால் சேர்த்துக் கட்டியபடி. வலது குதிகாலில் பித்த வெடிப்பு. அந்த வெடிப்புக்கு வேப்பெண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறான், பள்ளிக்கூடம் போகிற வயதில். துணி கருகியது. அறுந்தது. விரல்கள் பிரிந்தன.

மேலே திரையில் களிமண் முழுதும் சரிந்தது. நெஞ்சு தெரிந்தது. தாடைக்கட்டு எரிந்துபோய் வாய் திறந்திருந்தது. தலை தூக்கியது. மெல்ல. இடுப்பிலிருந்து, யாரோ கை கொடுத்துத் தூக்கிவிடுவதுபோல். தலையும் நெஞ்சும் திரையில், காலும் முட்டியும் கணப்பில். இடையில் மேல்மாடம். அதன்மேல் மூவரும் பாம் ஜுமைரா கடற்கரையில் எடுத்துக்கொண்ட போட்டோ. அப்பா சுவர் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

இடது இமை இப்போது முழுதாகத் திறந்திருந்தது.

"எந்திரிச்சுட்டாரா தம்பி?"

தியாகு சமையலறைக்கு ஓடினான். மாப்பின் மரக்கம்பு. எடுத்துக்கொண்டு வந்தான். என்னால் முடியாது என்று கைபேசியைப் பார்த்துச் சொன்னான். முடியாது பெரியவரே. என் அப்பா.

"அடிங்க. அவருக்கு வலிக்காது. அப்படித்தான் சொல்லுவாங்க."

அடித்தான். முதல் அடி மாடத்தில் பட்டு போட்டோ விழுந்தது. இரண்டாவது முட்டியில். கம்பு வழியே அது கைக்கு வந்தது, எலும்பு. மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு திரையில் போட்டான். கண்ணாடி உடைகிற சத்தம் எதிர்பார்த்தான். மெத்தென்று இருந்தது. ஹக் என்று ஒரு மூச்சு. அப்பா சரிந்தார். படுத்தார். நெருப்பு மேலே மூடியது.

அழுதுகொண்டே நின்றான். மன்னிப்புக் கேட்டான். பாஸ்போர்ட் மாடியில்தான் இருக்கிறது என்று சொன்னான். விமானம் இருந்தது என்று சொன்னான்.

மறுபடி எழுந்தார். இந்தத் தடவை வேகமாக. தியாகுவும் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. நெஞ்சில் ஒன்று. முட்டியில் ஒன்று. கை பழகிவிட்டது. பழகிவிட்டதே என்பதுதான் குமட்டியது. அப்பா படுத்தார்.

பின்னால் படியில் சத்தம். திரும்பினான். ரக்ஷிதா ஈரத்தலையோடு நடுப்படியில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பிரபாவதி, கையில் துண்டு. பிள்ளையின் கண்ணைப் பொத்த அவளுக்குத் தோன்றவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. ரக்ஷிதா தாத்தாவைப் பார்க்கவில்லை. தன் அப்பாவைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த கம்பைப் பார்த்தாள்.

"உள்ள போ," என்றான்.

கைபேசி தரையில் கிடந்தபடி, இன்னும் நிறைய நேரம் இருக்கிறது தம்பி, அசந்துவிடாதீர்கள் என்றது. திரைச்சீலைக்கு வெளியே பகல் நான்கு மணி. பக்கத்து வில்லாவில் யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

கம்பை ஓங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினான்.

அப்பா மூன்றாம் முறையாக எழுந்து உட்கார்ந்திருந்தார். அடி விழும் என்று தெரிந்தவர் போல், கருகிய இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் தூக்கி வைத்திருந்தார்.